காமயகவுண்டன்பட்டித் தோட்டத்தில் இரண்டு கல்வட்டங்கள்

இறந்தவர்களைப் புதைத்த இடத்தைச் சுற்றிப் பழங்காலத்தில் கற்களை வட்டமாகப் போட்டிருப்பார்கள். அப்படி ஒன்றை நேரில் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. கம்பம் பக்கம் காமயகவுண்டன்பட்டியில் ஒரு தோட்டத்தில் ஒன்று இருப்பதாக நண்பர் மங்கலான படம் ஒன்றை அனுப்பியிருந்தார். போன மாசியில், ஒரு சனிக்கிழமை காலை 6.40க்குத் தேனியில் பஸ் ஏறினேன். கம்பத்துக்கு நாற்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். அங்கிருந்து காமயகவுண்டன்பட்டிக்கு டவுன் பஸ் உண்டு. தோட்டம்வரை போக வேண்டியிருந்ததால் நான் ஆட்டோ பிடித்தேன், 250 ரூபாய்.

படத்தைப் பார்த்த ஆட்டோக்காரர் நேரே ராசாத்தி அக்காவின் தோட்டத்தில் இறக்கிவிட்டுப் போனார். அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். தென்னைக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தவர், "எந்த வட்டம் தம்பி? இங்கன ரெண்டு கெடக்கே" என்றார்.

ஒன்று மேட்டில், மற்றது வாய்க்காலோரம். இரண்டிலும் முழங்கால் உயரக் கற்கள், பாதி மண்ணுக்குள்.

"ஒண்ணு எங்க மாமனாரு மாட்டுக்குப் பட்டி போட்டது. எதுன்னு தெரியாது, நான் வாக்கப்பட்டு வரும்போதே ரெண்டும் இருந்துச்சு. அவுகளும் தவறிட்டாக. நாளைக்கு ஜேசிபி வருது, திராட்சைப் பந்தல் போடணும். எது பழசுன்னு சொல்லிட்டீகன்னா அத மட்டும் விட்டுருவேன்."

படத்தை மாற்றி மாற்றி ஒப்பிட்டேன். இரண்டுமே அதுபோலத்தான் இருந்தன. கற்களை எண்ணினேன்: மேட்டில் பதினாறு, வாய்க்காலோரம் பதினேழு. அதை வைத்து என்ன சொல்வது? வாய்க்கால் வட்டத்துக்குள் ஒரு பலகைக்கல் தெரிந்ததும், புதைகுழியின் மூடியாக இருக்குமோ என்று உற்சாகமாகிவிட்டேன்.

"அது நான் துவைக்கப் போட்ட கல்லு" என்றார் அக்கா.

"ரெண்டையும் விட்டுருங்கக்கா. தொல்லியல் ஆபீஸ்ல கேட்டுட்டு…"

"அவுக வந்து நெலத்தையே எடுத்துக்கிட்டாகன்னா? இருக்கிறதே ஒன்ற ஏக்கரு."

"தெரியலக்கா" என்று சொல்லி, என் நம்பரை மட்டும் கொடுத்துவிட்டு மதியம் திரும்பினேன்.

திங்கட்கிழமை அவரே கூப்பிட்டார். "வாய்க்காலோரத்த அள்ளியாச்சு. மேட்டுல இருக்கதத் தொடல. நீங்க அங்கனதான ரொம்ப நேரம் நின்னீக?"

நின்றது உண்மைதான். ஆட்டோவுக்குப் போன் செய்ய அங்கேதான் டவர் கிடைத்தது. அதை விட்டுவிட்டு, பழைய புதைகுழி என்றால் பானை ஓடு இருக்குமே என்று கேட்டேன்.

"அள்ளும்போது பானை ஓடு ஏதாவது கெடச்சுதாக்கா?"

"ஓடு கெடந்துச்சு. ஓடு எங்கனதான் இல்ல?"

போகிறவர்கள் பத்து மணிக்குள் போய்விடுங்கள், நிழல் கிடையாது. குடிதண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். விஷயம் தெரிந்த ஒருவரைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். அப்படி யாரும் கிடைக்காவிட்டால், எந்தக் கல்லுக்குப் பக்கத்திலும் அதிக நேரம் நிற்காதீர்கள்.