பொடனியில் விழுந்த வெயில்

கார்போக அரிசி என்னும் மருந்து விதையை ஊறவைத்து அம்மியில் அரைக்கும்போது எழும் கசப்பு வாசனை மூக்கில் நிற்பதைவிடத் தொண்டையில்தான் அதிக நேரம் நிற்கும். எங்கள் வீட்டுக்கு அது புதிதல்ல. பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, காய்ந்த ஆவாரம்பூ எல்லாம் போட்டுத் திரிக்கும் "பூசுமாவில்" அந்தக் கறுத்த சிறு விதையும் ஒரு கைப்பிடி சேரும். அதைத் தேய்த்துத்தான் நாங்கள் எல்லோரும் குளித்தோம். ஆனால் எனக்குப் பத்து வயதிருக்கும்போது ஒரு மாசி மாதத்தில், அந்த விதை மட்டும் தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு அரைக்கப்பட்டது. அன்றிலிருந்து அது எனக்குப் பயத்தின் வாசனை.

அரைத்தது அம்மா. அரைக்கப்பட்டது என் அக்கா ருக்குமணிக்காக. அப்போது நாங்கள் வெள்ளகோவிலில் இருந்தோம். பருத்தி வியாபாரியான அப்பா பாதி நாள் வெளியூரில்தான் இருப்பார். அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருந்த சமயம். ஒரு காலை அக்காவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்த அம்மாவின் கை சட்டென்று நின்றது. பிடரியில், எங்கள் ஊர்ப் பேச்சில் "பொடனியில்", முடி முடிகிற இடத்துக்குக் கீழே புளியங்கொட்டை அளவுக்குத் தோல் வெளுத்திருந்தது. அம்மா எழுந்துபோய் வாசற்கதவைச் சாத்திவிட்டு வந்து, மீதிப் பின்னலைப் பின்னினாள்.

பெண்பிள்ளை வெயிலில் நின்றால் "அடுப்புக் கரியாட்டம் ஆயிரும்" என்று அக்காவை அதுவரை வாசலுக்குக்கூட விடாத வீடு அது. கறுத்துவிடக் கூடாது என்று பயந்த வீட்டில் இப்போது வெளுத்துவிடக் கூடாது என்ற பயமும் வந்து உட்கார்ந்துகொண்டது. முன்னதை எல்லோரிடமும் சொல்லலாம். பின்னதை அப்பாவிடம்கூட அம்மா உடனே சொல்லவில்லை.

உள்ளூர் நாட்டு மருந்துக் கடையில் வாங்கினால் சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும் என்று, அம்மா என்னை அழைத்துக்கொண்டு பஸ் ஏறிக் கோயம்புத்தூர் வரைக்கும் போனாள். அங்கே பழைய கடைவீதிச் சந்து ஒன்றில் பாய் ஒருவரின் மருந்துக் கடை. கார்போக அரிசி எதற்கு என்று அவர் கேட்டதும், "பூசுமாவுக்குங்க" என்றாள் அம்மா. பாய் தராசைக் கீழே வைத்தார்.

"பூசுமாவுக்கு இத்தனை வேண்டியதில்லீங்களே, அம்மணி."

அம்மா தலை குனிந்துகொண்டாள். அவர் அதற்குமேல் எதுவும் கேட்காமல், பொட்டலம் கட்டிக்கொண்டே மெல்லச் சொன்னார்: "மோர்ல கொழைச்சுப் பூசி, காலைல எளவெயில் பட வையுங்க. வெயில் ஏறுறதுக்குள்ள சுத்தமாத் தொடைச்சுப் போடோணும். கையால தேச்சுத் தொடைக்கோணுமுங்க. மருந்து கொஞ்சம் தங்கிப்போய் உச்சி வெயிலும் பட்டுதுன்னா, தோல் வெந்துபோயிரும்." அதை அம்மா கேட்டாள். நானும் கேட்டேன்.

வீட்டுக்குப் பின்னால் மாட்டுச் சாளையின் ஓரம், கிழக்கு வெயில் விழுகிற இடத்தில், அக்கா பின்னலை முன்னால் போட்டுக்கொண்டு குனிந்து உட்காருவாள். அந்த நேரத்தில் யாரும் கொல்லைக்கு வந்துவிடாமல் பார்த்துக்கொள்ள அம்மா முன்வாசலில் இருந்தாக வேண்டும். அதனால், மருந்தைத் துடைத்துவிடும் வேலை என் தலையில் விழுந்தது.

அந்த வெளுப்பு அடுத்தவருக்கும் ஒட்டும் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. ஆனால் அம்மா அக்காவின் சீப்பைத் தனியாக எடுத்து வைத்தாள். துண்டைத் தனிக் கொடியில் காயப்போட்டாள். அதைப் பார்த்த எனக்கு வேறு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தினமும் பள்ளிக்குப் போகுமுன் அப்பாவின் சவரக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு போய் என் கன்னத்தையும் கழுத்தையும் ஓர் அங்குலம் விடாமல் பார்ப்பேன். கன்னத்தில் மங்கலாக ஒரு தேமல் தெரிந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

எனவே நான் துடைக்கவில்லை. சொம்பில் தண்ணீர் மொண்டு, கை எட்டும் தூரத்துக்கும் அப்பால் நின்று, அக்காவின் கழுத்தில் ஊற்றுவேன். பாதி முதுகில் வழியும். ஈரத்துணியை மண்ணில் போட்டுப் புரட்டி, துடைத்தது மாதிரி அழுக்காக்கி வைப்பேன்.

"போச்சா, கண்ணு?" என்று குனிந்தபடியே கேட்பாள்.

"போச்சுக்கா."

அவள் உடனே வீட்டுக்குள் போய்விடுவாள் என்பதால் அத்தனை நாளும் ஒன்றும் ஆகவில்லை. பொய் வேலை செய்கிறது என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

தாராபுரத்திலிருந்து பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்த வாரத்தில், ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா மருந்து பூசி உட்கார்ந்துவிட்டு வீட்டுக்குள் போன சற்று நேரத்தில், பக்கத்து வீட்டுப் பாப்பாத்தியக்கா கொல்லைப் படலைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றாள். "ஏனுங்கக்கா, தெனமும் புள்ளையச் சாளையோரம் வெயில்ல உக்கார வெச்சுப் போடறீங்களாமா? பொண்ணுப் பாக்க வர்றவங்க காக்காயவா பாத்துட்டுப் போவாங்க?" என்று சிரித்தாள். அம்மாவின் முகம் செத்துவிட்டது. "குளுருதுங்கறா, அதான்..." என்றாள். மாசி வெயிலில் யாருக்குக் குளிரும்? பாப்பாத்தியக்கா விடவில்லை. "அப்பிடீன்னா நல்லதாப் போச்சு. என்ற ஊட்டு மொட்டை மாடில வத்தல் ஊத்தோணும், அனுப்பி உடுங்க" என்றாள். மறுத்தால் சந்தேகம் வரும். "போயிட்டு வா அம்மணி" என்று அம்மா அனுப்பிவிட்டாள். நான் துடைத்துவிட்டேன் என்று நம்பித்தான் அனுப்பினாள்.

வெயில் ஏற ஏற நான் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வேட்டியை விரித்து அதன்மேல் கூழைக் கரண்டியால் வட்டம் வட்டமாக ஊற்றிக்கொண்டே அக்கா குனிந்து நகர்ந்தாள். பின்னல் முன்னால் சரிந்து தொங்கியது. பொடனி முழுதும் வானத்தைப் பார்த்திருந்தது. கடைக்கார பாய் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு நினைவிருந்தது. ஓடிப்போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அதைச் சொன்னால் இத்தனை நாள் நான் செய்ததையும் சொல்ல வேண்டும். ஒரு துண்டை எடுத்துக்கொண்டு பாதிப் படி ஏறி, அங்கிருந்தே வீசினேன். "அக்கா, தலைக்குப் போட்டுக்க!"

"பார்றா, அக்கா கறுத்துப்போவான்னு தம்பிக்கு இருக்கற பயத்த!" என்று பாப்பாத்தியக்கா கொக்கரித்தாள். அக்காவும் சிரித்துவிட்டு, அந்தத் துண்டைச் சுருட்டி, காற்றில் பறந்த வேட்டியின் முனைமேல் வைத்தாள்.

சாயங்காலம் எரிகிறது என்றாள். மறுநாள் காலை பொடனியெல்லாம் நீர் கோத்த கொப்புளங்கள், காதுக்குப் பின்னால்வரை. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாதல்லவா. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"தொடைச்சயா நீ?"

நான் வாயைத் திறக்குமுன், என் பக்கம் முகத்தைச் சாய்த்துக் குப்புறப் படுத்திருந்த அக்கா சொன்னாள்: "அவன் தொடைச்சாம்மா. நாந்தான் வெயில்ல ரொம்ப நேரம் நின்னுபோட்டேன்."

அம்மா சோற்றுக்கற்றாழையை வழித்து வழித்துப் போட்டாள். அக்கா செத்துப்போவாள் என்று ஒரு பயம். அவளுக்குத் தெரிந்திருந்தால் சாகுமுன் அம்மாவிடம் சொல்லிவிடுவாள் என்று இன்னொரு பயம். இரண்டாவது பயம்தான் பெரிதாக இருந்தது என்பதை இந்த வயதில் எழுதி வைக்க வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதுதான் உண்மை.

தாராபுரத்துக்காரர்கள் சொன்னபடி வந்தார்கள். பெண்ணின் முடி சொந்த முடியா, சவுரியா என்று தொட்டுப் பார்ப்பது அன்றைய வழக்கம். மாப்பிள்ளையின் அத்தை அந்தச் சாக்கில் பின்னலைத் தூக்கினார். கன்றிப்போய்ப் புண்ணாக இருந்த பொடனி தெரிந்தது. "சுடுதண்ணி பட்டுப்போச்சுங்க" என்றாள் அம்மா. அந்த அம்மாள் பின்னலை மெல்லக் கீழே விட்டுவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். "தகவல் சொல்லி அனுப்பறோமுங்க" என்று கிளம்பினார்கள். தகவல் வரவில்லை. புண் ஆறிய தழும்பின் ஓரத்திலிருந்து வெளுப்பு கழுத்துக்கும், பின் கைகளுக்கும் பரவத் தொடங்கியபிறகு வேறு யாரும் வரவுமில்லை. அக்கா படித்து ஆசிரியை ஆனாள். ஓய்வு பெற்றபின் துடியலூரில் எங்களோடு வந்து தங்கினாள்.

இங்கே தோல் மருத்துவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்: இது யாருக்கும் ஒட்டாது, ஆனால் இந்தத் தோலுக்கு வெயிலைத் தாங்கும் நிறம் இல்லை, வெளியே போகுமுன் கிரீம் தடவாமல் போகக் கூடாது. முகத்துக்கும் கைக்கும் அக்காவே தடவிக்கொள்வாள். பொடனிக்குக் கை எட்டாது. என் மனைவி இருந்தவரை அவள் தடவிவிட்டாள். அவள் போனபின் ஒரு நாள் கடைக்குப் போய்த் திரும்பிய அக்காவின் கழுத்து செக்கச்செவேலென்று சிவந்திருந்தது. மறுநாள் நாற்காலியில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, தோளுக்கு மேலாகக் கிரீம் டியூபை நீட்டினாள்.

தடவுமுன் சொல்லிவிட்டேன், சொம்பு, மண்ணில் புரட்டிய துணி, எல்லாவற்றையும்.

"ஏண்டா, என்ற பொடனிதானே? கை பட்டுதா இல்லையான்னு எனக்குத் தெரியாதா?" என்றாள்.

"அப்புறம் ஏன் சொல்லல?"

"உனக்கு ஒட்டிக்குமோன்னு எனக்கும் பயம். தூர நிக்கறானே, நிக்கட்டும்னு இருந்தேன். அம்மா கேட்டப்ப உன்ற மூஞ்சியப் பாக்கோணுமே, வெளுத்துப் போயிருந்துச்சு. என்னைய விட."

அவள் தோள்கள் சிரிப்பில் குலுங்கின. நான் அந்தத் தழும்பைத் தேடினேன். அதைப் பார்க்கப் பயந்தே அவள் கழுத்தில் அதுவரை கண்ணை நிறுத்தியதில்லை. இப்போது அது இல்லை. அம்மா இல்லை, சாளை இல்லை, அக்காவின் பழைய மாநிறம் உடம்பில் ஒரு பொட்டுகூட இல்லை. வெளுப்பு எல்லாவற்றையும் மூடியதுபோல நான் செய்ததன் அடையாளத்தையும் மூடிவிட்டிருந்தது. கிரீமைப் பிதுக்கி, முடி முடிகிற இடத்திலிருந்து தோள்வரை தேய்த்தேன்.

"ஆச்சா, கண்ணு?" என்றாள் குனிந்தபடியே.

காதுகளுக்குப் பின்னால் விரலை வைத்து மறுபடியும் ஒருமுறை தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான், ஆச்சு என்றேன்.