கருவாட்டு வியூ

எங்கள் தெருவில் பனி உருகியதும் முதலில் எட்டிப்பார்ப்பது பூ அல்ல, சாண வாசம். டொராண்டோவிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளியிருக்கும் கவுண்டி இது, நம்மூர்க் கணக்கில் மாவட்டம். சோள வயல்களுக்கு நடுவே புத்தம்புது வீடுகள். அவற்றில் என்னைப்போல நகரத்தில் சம்பளம் வாங்குபவர்கள். ஒட்டினாற்போல் ஹெலன் அம்மாளின் மாட்டுப் பண்ணை. அவர் வயலுக்கு எரு அடிக்கத் தொடங்கினால் தெருவே ஜன்னலைச் சாத்திக்கொள்ளும்.

நம் செங்கல்பட்டும் இப்படித்தான் வளர்ந்தது. நெல் வயலின் தலைமாட்டில் 'சென்னைக்கு மிக அருகில்' என்று பலகை நட்டார்கள். சென்னையும் அதை நம்பி நடந்தே வந்துவிட்டது. நான் பொத்தேரியில் படித்தபோதே வயலுக்கு ஒன்றாக ஹாஸ்டல் முளைத்தது. பிறகு மீனவ ஊரான எங்கள் திருவிடந்தையில் கடலைப் பார்த்தபடி வில்லாக்கள். யாராவது ஊர் கேட்டால் நானும் கூசாமல் சென்னை என்றே சொல்லிப் பழகிவிட்டேன்.

போன வாரம், எரு அடிப்பதை நிறுத்தச் சொல்லி எங்கள் தெருக்காரர்கள் ஊர்க் கூட்டத்தில் முறையிட்டார்கள். என் வாய் சும்மா இருக்குமா? மைக்கைப் பிடித்தேன். "பண்ணை வியூ என்று சொல்லித்தான் வீட்டை விற்றார்கள். பண்ணை வாசனையும் சேர்த்தி என்று யாரும் சொல்லவில்லை." கூடமே சிரித்தது. இந்த நாட்டில் என் ஜோக்குக்கு நானல்லாத ஒருவர் சிரித்தது அதுவே முதல் முறை. வெளியே வரும்போது ஹெலன், எந்த ஊர் என்று கேட்டார். சென்னை என்றேன். "ஓ, பெரிய நகரம். பாவம், உனக்கு இதெல்லாம் தெரிய நியாயமில்லை" என்று தோளைத் தட்டினார். என் பேச்சைப் பாராட்டுகிறார் என்று வீட்டுக்கு வந்து பீற்றிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை அக்கா போன் செய்தாள். கருவாடு காயவைத்து விற்றுத்தான் என்னைப் படிக்கவைத்தவள்.

"நம்ம காயப்போடற எடத்த காலி பண்ணச் சொல்லி வில்லாக்காரங்க ஊர்க் கூட்டத்துல மனு குட்த்துட்டாங்கடா."

"நீ ஒண்ணும் பேசலியா?"

"எங்க பேசறது? அதுல ஒருத்தன் எழுந்து, 'சீ வியூன்னுதான் வித்தாங்க, கருவாட்டு வியூன்னு சொல்லலியே'ன்னான். நம்ம ஊர்க்காரங்களே சிரிச்சாங்கோடா. நான் கூடைய எடுத்துக்கினு வந்துட்டேன்."

எனக்குக் காது சுட்டது. நான் கனடாவில் அவிழ்த்துவிட்ட ஜோக், டிக்கெட் எடுக்காமல் பறந்துபோய் அக்காவின் தலையில் இறங்கியிருந்தது.

"அடுத்த கூட்டத்துல முடிவு பண்றாங்களாம். எடம் போச்சுன்னா பொழப்பே போச்சு. நீதான் வாயாடியாச்சே, அவன் வாய அடைக்கிற மாதிரி ஒண்ணு சொல்லிக் குடேன்."

சாத்திய ஜன்னல் வழியே ஹெலனின் வயலைப் பார்த்தேன்.

"இன்னாடா, லைன் கட்டாயிடுச்சா?"

"இருக்கேன்க்கா... நாங்க நாறிக்கினு இருந்த எடத்துக்கு நீங்கதானே வந்து குந்திக்கினீங்கன்னு கேளு."

அக்கா கெக்கலித்துச் சிரித்தாள். "கரீட்டுடா! பட்டவனாட்டம் பேசற."

அக்கா கொடுத்தனுப்பும் கருவாட்டை நான் கராஜுக்குள் கதவைச் சாத்திக்கொண்டுதான் வறுப்பேன், அதுவும் அக்கம்பக்கத்தார் வேலைக்குப் போன பிறகு. அன்று சமையலறையில் வறுத்தேன். ஜன்னலை அகலத் திறந்தேன். கருவாட்டு வாசம் வெளியே போனது, சாண வாசம் உள்ளே வந்தது. டிராக்டரில் வேலி வரை வந்து திரும்பிய ஹெலன் கையசைத்தார். கரண்டியும் கையுமாக ஜன்னலில் நின்று, "திருவிடந்தை! என் ஊர் திருவிடந்தை!" என்று கத்தினேன். டிராக்டர் சத்தத்தில் அது எனக்கே கேட்கவில்லை. அவர் சிரித்துக்கொண்டே கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார்.