சம்பந்தியம்மா சொன்ன அர்மேனியச் சொல்

போன வருஷம் தைப்பூசத்தன்று காலையில் பத்துமலையில் தொடங்கி, சாயங்காலம் கிள்ளான் பக்கம் பண்டமாரானில் எங்கள் வீட்டுக் கூடத்தில் முடிந்த கதை இது. சொல்லும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடும். அதனால் நிதானமாகவே சொல்கிறேன்.

என் மகன் கோலாலம்பூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். கூட வேலை பார்க்கும் பெண்ணைத்தான் கட்டுவேன் என்று வந்து நின்றான். அவள் அர்மேனியா நாட்டுக்காரி. அப்படி ஒரு நாடு இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ரஷ்யாவுக்குத் தெற்கே, மலை நாடாம். பெண் கெட்டிக்காரி. பிரிக்பீல்ட்ஸில் சேலை எடுக்கப் போனால், அரைகுறைத் தமிழை வைத்துக்கொண்டே என்னைவிட நன்றாக விலை பேசுவாள். அப்பா இல்லாமல் வளர்ந்த ஒரே மகள். கல்யாணத்தைப் பேசி முடிக்க அவளுடைய அம்மா விமானம் ஏறி வந்தார். அவர் வந்த வாரம்தான் தைப்பூசம்.

அதற்கு முந்தின வருஷம் எனக்கு நெஞ்சில் பெரிய ஆபரேஷன். நான் பிழைத்தால் அலகு குத்திக் காவடி எடுப்பதாக மகன் முருகனிடம் வேண்டிக்கொண்டிருந்தான். அதைத்தான் அன்றைக்குச் செலுத்தினான். நம் ஆட்களுக்கு இதெல்லாம் விளக்க வேண்டியதில்லை. அந்தப் பழக்கத்திலேயே அந்த அம்மாவிடமும் யாரும் ஒரு வார்த்தை சொல்லி வைக்கவில்லை.

"வந்து பாக்கட்டும்க்கா, நம்ம பையன் எப்பேர்ப்பட்ட ஆளுன்னு தெரியட்டும்லா!" என்று என் தங்கைதான் அவரைக் கூட்டி வந்து, அலகு குத்தும் ஆற்றங்கரையில் எல்லாருக்கும் முன்னால் நிறுத்தினாள்.

மகன் முதுகில் கொக்கிகள் ஏறும்போதே அந்த அம்மா முகம் வெளுத்துவிட்டது. கன்னத்தில் வேல் ஏறியபோது அவர் போட்ட கத்தல் உறுமி மேளத்தையும் தாண்டிக் கேட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினார். பெண்ணும் பின்னாலேயே ஓடினாள். மகனுக்கு எதுவும் தெரியாது. அவன் அருளில் இருந்தான்.

சாயங்காலம் அம்மாவும் பெண்ணும் வீட்டுக்கு வந்தார்கள். பெண்ணின் கண்கள் வீங்கியிருந்தன. அம்மா உட்காரவில்லை, தேத்தண்ணியைத் தொடவில்லை. மகளிடம் ஏதோ சொல்லி எங்களிடம் சொல்லச் சொன்னார்.

"ஆன்டி, அம்மா சொல்றாங்க... தன்னையே இப்படிக் குத்திக்கிற ஆளு, நாளைக்கு என்னையும் அடிப்பாராம். கல்யாணம் வேணாமாம். நாளைக்கு ஃபிளைட்டாம்."

தங்கைக்கு வந்ததே கோபம். "பாத்தியாக்கா? போனா போகட்டும்! கிள்ளான்ல பொண்ணா கிடைக்காது?" என்றாள். மகன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

எனக்கும் கோபம்தான். ஆனால் அந்த அம்மா மகளின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். ஒற்றைப் பிள்ளையைப் பெற்றவளின் பயம் அது. எனக்குத் தெரியாததா?

"நீ கொஞ்சம் வாய மூடு" என்று தங்கையை அடக்கிவிட்டு எழுந்து போனேன். சேலைத் தலைப்பைச் சற்று விலக்கி, கழுத்துக்குக் கீழே தொடங்கும் ஆபரேஷன் தழும்பைக் காட்டினேன். மகனைச் சட்டையைக் கழற்றித் திரும்பி நிற்கச் சொன்னேன். முதுகெல்லாம் திருநீறு, அதற்குள்ளே புள்ளி புள்ளியாகக் காயம்.

பெண்ணிடம், "நான் சொல்றத அப்படியே சொல்லும்மா" என்றேன். "நான் ஆஸ்பத்திரியில கெடந்தப்ப இவன் சாமிகிட்ட என்ன கேட்டான் தெரியுமா? எங்கம்மா வலிய எனக்குக் குடு, நான் தூக்கிக்கிறேன்னு கேட்டான். நான் பொழச்சேன். அதான் இன்னிக்குத் தூக்குனான். இது பொண்டாட்டிய அடிக்கிற கையில்லன்னு சொல்லு."

அவள் அவர்கள் பாஷையில் சொன்னாள். அந்த அம்மா என் தழும்பைப் பார்த்தார், அவன் முதுகைப் பார்த்தார். பிறகு மெதுவாக வந்து அவன் தோளில் உள்ளங்கையை வைத்து, "த்ஸவத் தானெம்" என்றார். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து அழுதார்.

"என்னம்மா சொன்னாங்க?" என்று பதறிப்போய்க் கேட்டேன்.

பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு விளக்கினாள். 'த்ஸவ்' என்றால் வலி. அதோடு ஒட்டிக்கொள்ளும் 'த்' என்றால் உன்னுடையது. 'தானெம்' என்றால் நான் எடுத்துப் போகிறேன். உன் வலியை நான் எடுத்துக்கொண்டு போகிறேன் என்பதுதான் அதன் அர்த்தம். பிள்ளை விழுந்தாலும் சொல்வார்களாம், காய்ச்சலில் படுத்தாலும் சொல்வார்களாம், ஒன்றுமே இல்லாமல் கொஞ்சும்போதும் சொல்வார்களாம். எப்போது, யார் சொல்லத் தொடங்கினார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒருவர் நோயை இன்னொருவர் வாங்கிக்கொள்ள முடியும் என்று அந்தக் காலத்தில் நம்பியிருப்பார்கள், அதிலிருந்து வந்திருக்கும் என்றாள். இப்போது நாம் 'கண்ணே' என்பதுபோல அது வாயில் புழங்குகிறதாம்.

அதற்குள் அம்மா மறுபடி ஏதோ சொன்னார். பெண் முதல் தடவையாகச் சிரித்தாள்.

"நாங்க வாயாலதான் சொல்லுவோம் ஆன்டி. நிஜமா தூக்குன ஆள இன்னிக்குத்தான் பாக்குறாங்களாம்."

ஆறிப்போன தேத்தண்ணியைக் கொட்டிவிட்டுப் புதிதாகப் போட்டேன். இரண்டு டம்ளர் குடித்தார். மறுநாள் விமானம் அவர் இல்லாமல் பறந்தது. கிள்ளானில் மேளதாளத்தோடு கல்யாணம் நடந்தது. பட்டுச் சேலை கட்டி, என் பக்கத்தில் நின்று அவர்தான் வந்தவர்களை வரவேற்றார். "நான் முன்னால நிறுத்துனதாலதான இந்தக் கல்யாணமே நடந்துச்சு!" என்று என் தங்கை மண்டபம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். திரியட்டும்.

நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள், கடல் தாண்டிப் போனதில்லை. ஆனால் பெற்ற பிள்ளைக்காகவும் பெற்றவளுக்காகவும் நாம் செய்கிற ஒன்றுக்கு, கண்ணால் காணாத ஒரு மலை நாட்டில் என்றைக்கோ ஒரு சொல் பிறந்திருக்கிறது என்று நினைக்கும்போது, உலகம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் எனக்கு அதில் சொந்தத்துக்குக் குறைவில்லை என்று தோன்றுகிறது.