கிள்ளானில் வாங்கிய அயர்லாந்து விஸ்கி

அப்பாவின் தங்கையான என் அத்தை கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. பிரிக்ஃபீல்ட்ஸில் நாங்கள் குடியிருந்த ரயில்வே வீட்டில் அவருடைய வேலையைப் பற்றி யாரும் பேசியதில்லை. கல்யாணத்தைப் பற்றித்தான் பேச்செல்லாம். ஒருவழியாகக் கிள்ளானில் ஒரு வரன் அமைந்தது. எங்களைப் போலவே மெதடிஸ்ட் சபைக் குடும்பம். கல்யாணத்துக்குப் பிறகு பெண் வேலைக்குப் போகக் கூடாது என்று மட்டும் மாப்பிள்ளையின் தாயார் சொன்னார். அப்பா உடனே சம்மதித்தார். அத்தையை யாரும் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

அந்தச் சமயத்தில் அத்தைக்குத் தலைமை நர்ஸாக இருந்த மேட்ரன் ஓய்வுபெற்று, சொந்த ஊரான அயர்லாந்துக்குக் கப்பலேற இருந்தார். பட்டுத்துணி கொடுக்கலாம் என்றார் அம்மா. "அவங்களுக்குப் பிடிச்சதைத்தான் குடுக்கணும் அண்ணி" என்ற அத்தை, சனிக்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு கிள்ளானுக்கு ரயிலேறினார். வண்டி கிளம்பியபிறகுதான் விஸ்கி வாங்கப் போகிறோம் என்று காதோடு சொன்னார். பிரிக்ஃபீல்ட்ஸ் கடைக்காரர்களுக்கெல்லாம் அப்பாவைத் தெரியுமாம். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. குடி பாவம் என்று ஞாயிறு பள்ளியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுப்பதே அப்பாதான்.

கடைக்காரச் சீனர் ஒரு புட்டியை எடுத்து வைத்தார். "எல்லாம் சாமா லா, நோனா, எல்லாம் ஒண்ணுதான். வெள்ளைக்காரத் துவான்மார் இதைத்தான் வாங்குறாங்க."

"இது ஸ்காட்லாந்துச் சரக்கு. புகை வாசம் அடிக்கும், எங்க மேட்ரனுக்கு ஆகாது" என்றார் அத்தை. "அயர்லாந்துல வடிச்சது இருந்தா காட்டுங்க."

மேல்தட்டிலிருந்து தூசி படிந்த புட்டிகள் இறங்கின. ஒன்றில் கழுத்துக்குக் கீழே அளவு குறைந்திருந்தது. அத்தை அதைத் தள்ளிவைத்தார். அடுத்ததன் தக்கையையும் முத்திரையையும் விரலால் தடவிப் பார்த்தார். பிறகு அதை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, நிறம் பார்க்க வெயிலில் உயர்த்திப் பிடித்தார். எதிர்வீட்டு மாடி ஜன்னலில் மாப்பிள்ளையின் தாயார் நின்றிருந்தார். போன மாதம் அந்த வீட்டில்தான் தேநீர் குடித்துவிட்டு வந்திருந்தோம்.

"அத்தை, அவங்க பாக்குறாங்க."

"பாக்கட்டும். இதுல என்ன ஊர் போட்டிருக்கு, படி."

நான் எழுத்துக்கூட்டி டப்ளின் என்று படித்து முடிக்கும்வரை அத்தை புட்டியை இறக்கவில்லை. அப்புறம் அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஜன்னலைப் பார்த்துக் கைகூப்பி, "தோத்திரம்மா" என்றார். ஜன்னல் சாத்திக்கொண்டது.

பரிசை வாங்கிக்கொண்ட மேட்ரன் புட்டியின் மேல் எழுதியிருந்ததை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பயணப் பெட்டியில் கம்பளிச் சட்டைகளுக்கு நடுவே அதைத் தாமே பத்திரப்படுத்தினார்.

அந்த வாரமே மாப்பிள்ளையின் சித்தப்பா வந்து, சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். "குடிகாரின்னு பேர் வாங்கிட்டியே" என்றார் அப்பா.

"நான் குடிக்கலையே அண்ணே. பரிசுதானே வாங்கினேன்."

அப்பா வெகுநாள் அவரோடு பேசவில்லை. அத்தை எப்போதும்போலக் கஞ்சி போட்ட சீருடையில் வேலைக்குப் போய்வந்தார்.

எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. அத்தைக்குச் சீக்கிரம் வேறு மாப்பிள்ளை கொடுக்கும்படி தினமும் ஜெபம் செய்தேன். ஒருநாள் அது அத்தையின் காதில் விழுந்துவிட்டது. பக்கத்தில் மண்டியிட்டு, "மெதுவா வேண்டிக்கோ, அவசரம் ஒண்ணுமில்ல" என்றார்.

ஆண்டவருக்கு எத்தனையோ வேலை இருக்கும், அதனால் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.