பாலம் காய்ந்த கதை

கான்கிரீட்டை உடைக்காமலே அதன் பலத்தைச் சொல்வது எங்கள் வேலை. சொன்னால் நம்புகிறவர்கள் குறைவு, சொல்லும்வரை பொறுத்திருப்பவர்கள் அதைவிடக் குறைவு. இதே வேலையில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் பெட்டி தூக்கும் சகோதர சகோதரிகளே, ஜவ்வாது மலையில் புதூர்நாட்டுப் பக்கம் ஒரு சின்னப் பாலத்தில் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

தட்டிப் பார்ப்பது

ஓடைப் பாலத்தின் தூண்கள் அரித்துப்போய், பசைபோல ஒட்டும் பாலிமர் கலந்த சிமெண்டால் பலப்படுத்தியிருந்தார்கள். இறுகிவிட்டது என்று நான் எழுதிக்கொடுக்கும்வரை வண்டி போகக் கூடாது. ஓடைக்கு அந்தப் பக்கம் மேல் ஊரில், லோடு அடிக்கும் ஏழுமலை என்பவரின் ஜீப் மாட்டிக்கொண்டு நின்றது. பலாப்பழ சீசன் வேறு. ஜனங்கள் பழத்தைத் தலையில் சுமந்து, ஓடையில் இறங்கி ஏறி, இந்தப் பக்கம் வரும் வேனில் ஏற்றினார்கள். சுமக்க முடியாதது மரத்தடியிலேயே அழுகியது.

தூணின் இரு பக்கமும் கிரீஸ் தடவி, கருவியின் முனைகளை வைத்தேன். ஒரு பக்கம் அனுப்பும் ஒலி மறுபக்கம் எவ்வளவு வேகமாக வருகிறது என்று அது காட்டும். இறுக இறுக வேகம் கூடும். உன்னிப்பாகக் கேட்ட ஏழுமலை சொன்னார்: "நாங்க பலாப்பழத்த கையால தட்டிப் பாக்குறோம். நீங்க அதுக்கு மிஷின் வெச்சிருக்கீங்க, அவ்ளோதானங்க மேடம்?"

நல்ல மார்க்

எண் பிரமாதமாக வந்தது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. தூண் ஈரமாக இருந்தது; நனைந்த கான்கிரீட்டில் ஒலி கூடுதல் வேகத்தில் ஓடி நம்மை ஏமாற்றும். சுத்தியல் கருவியால் தட்டினேன். இறுகிய கான்கிரீட்டில் துள்ளித் திரும்ப வேண்டிய சுத்தியல் சோம்பலாகத் திரும்பியது.

விசாரித்தால், ஊரே வீட்டுக்கு வீடு முறைபோட்டுக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியிருக்கிறது. சாதா சிமெண்டுக்கு அது சரி. பாலிமர் கலந்ததை முதலில் கொஞ்சம் நனைத்துவிட்டு, பிறகு காயவிட வேண்டும். காய்ந்தால்தான் பாலிமர் படலமாகிப் பிடிக்கும். இனி தண்ணீரும் வேண்டாம், வண்டியும் வேண்டாம் என்றேன். அன்றைய முறைக்காரரான சின்னப்பாப்பா என்ற அம்மாள் குடத்தை இறக்கி வைத்தார்: "பழத்தையும் தூக்கி, தண்ணியும் தூக்குனோம். இப்ப ஊத்துனதே தப்புன்றியே, இன்னாம்மா நாயம் இது?"

குறைந்த மார்க்

முதல் எண்ணையே எழுதிவிடச் சொல்லிக் கெஞ்சினார் கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர். முடியாது என்று சொல்லிவிட்டு, புதூர்நாட்டிலேயே தங்கித் தினமும் போய்ப் பார்த்தேன். காயக் காய ஒலி வேகத்தின் எண் கொஞ்சம் இறங்கியது. சுத்தியலோ நன்றாகத் துள்ள ஆரம்பித்தது. ஈரம் போய் பலம் வருகிறது என்று எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். சூப்பர்வைசர் முகம் வாடிச் சொன்னார்: "மார்க் கொறஞ்சதுக்கு சந்தோஷப்படுற ஆள இப்பதாங்க பாக்குறேன்."

முதல் லோடு

ஒருவழியாகக் கையெழுத்துப் போட்டேன். ஏழுமலை ஜீப் நிறையப் பழம் ஏற்றினார், ஆனால் கிளப்பவில்லை. முன் சீட்டைத் துடைத்துவிட்டு எனக்குக் கைகாட்டினார். கருவிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஏறினேன். பின்னால் பழங்களுக்கு நடுவே சின்னப்பாப்பாவும் ஏறி உட்கார்ந்தார்.

பாலம் அசையவில்லை. அக்கரை வந்ததும் எனக்கு வந்த பெருமையை எந்தச் சம்பளமும் தந்ததில்லை. பின்னாலிருந்து குரல் வந்தது: "நீ வேணாம்னப்ப உன்ன திட்டுனேன்மா. அப்டி வேணாம்னவளே சரின்னதாலதான் நான் ஏறுனேன்."

எங்கள் கையெழுத்துக்கு எந்த ஆபீஸிலும் இல்லாத மறுசோதனை ஒன்று ஜவ்வாது மலையில் இருக்கிறது: போட்டவரையே முதல் லோடில் ஏற்றிவிடுவார்கள்.