வாசலில் நின்றவள்

1. மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும் முன், மருந்து செலுத்தும் அறை ஒன்றில் தட்டில் மிச்சமிருந்த மருந்து பற்றிக்கொண்டது. பட்டாசுக் கம்பெனியில் மருந்து என்றால் வெடிக்கலவை.
2. உள்ளே இரண்டு பெண்கள் இருந்தார்கள். வாசலை ஒட்டி உட்கார்ந்திருந்தவள் வெளியே ஓடினாள்.
3. மற்றவள் கால் இடறி உள்ளேயே விழுந்தாள்.
4. ஓடியவள் திரும்பி வந்தாள்.
5. வாசலில் நின்றாள்.
6. பிறகு உள்ளே போய் விழுந்தவளை இழுத்துக்கொண்டு வந்தாள். இழுபட்டவளுக்குக் கைகளில் தீக்காயம்.

இந்த ஆறில் எல்லோரும் பேசியது ஐந்தாவதைப் பற்றி மட்டும்.

வெம்பக்கோட்டைப் பக்கம் இருக்கும் அந்தக் கம்பெனியில் நான் பாதுகாப்பு மேற்பார்வையாளர். வேதியியல் படித்தவள், தினமும் விருதுநகரிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறேன். நடந்ததை வரிசைப்படுத்தித் தவறு எங்கே என்று பார்ப்பது என் வேலை. என் கணக்கில் தவறு நான்காவதில் இருந்தது. வெளியே வந்தவர் திரும்ப உள்ளே போகக் கூடாது என்றுதான் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்திருந்தேன். அதை யாரும் குறையாகப் பேசவில்லை. இரண்டாவதையும் பேசவில்லை, அந்த இடத்தில் யாராக இருந்தாலும் ஓடியிருப்பார்கள்.

ஓடியவள் வாசலில் நின்றதைப் பார்த்தது அடிபட்டவளின் நாத்தனார். பக்கத்து அறையில் வேலை செய்கிறாள். சத்தம் கேட்டு வெளியே வந்தபோது பார்த்திருக்கிறாள்.

“எங்க மதினி உள்ள கிடந்து கத்துறா. இவ வாசல்ல நின்னு யோசிச்சுக்கிட்டு இருக்கா மேடம், போவமா வேண்டாமான்னு.”

“யோசிச்சாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“ஓடி வந்த ஆளு எதுக்கு நிக்கணும்? இருக்கன்குடி கோயிலுக்கு வரச் சொல்லுங்க. ஆத்தா முன்னால நின்னு, நான் யோசிக்கலைன்னு சத்தியம் பண்ணட்டும். அம்புட்டுத்தான்.”

அதன் பிறகு மற்ற பெண்களும் வாசலில் நின்றவளோடு ஒரே அறையில் உட்கார மாட்டோம் என்றார்கள். அந்தச் சின்ன அறைகளில் பக்கத்தில் இருப்பவளை நம்பித்தான் வேலை நடக்கிறது. யாரும் கூட உட்காராவிட்டால் அவளுக்கு அங்கே வேலை கிடையாது.

சாப்பிடும் நேரத்தில் வேப்ப மரத்தடியில் இதே பேச்சுதான்.

“மனுசப் பிறவியே அப்படித்தான். உசுருன்னு வந்துட்டா எவளும் எவளையும் பாக்க மாட்டா.”

“அப்ப எதுக்கு உள்ள போனா?”

“நாலு பேரு பாக்காகன்னு போயிருப்பா.”

“அங்கன யாரு இருந்தா பாக்க? நீதான் மணி அடிக்கும் முன்னயே தூக்குச்சட்டியத் தொறந்துட்டியே.”

சிரித்தார்கள். ஆனால் அவள் தண்ணீர் பிடிக்க வந்ததும் பேச்சு நின்றது.

மனிதர் இயல்பிலேயே நல்லவரா கெட்டவரா என்று கல்லூரி விடுதியில் நாங்கள் வாதாடியிருக்கிறோம். நான் எப்போதும் ‘கெட்டவர்’ கட்சி. இல்லையென்றால் இத்தனை விதிகள் எதற்கு என்பது என் வாதம். வேலைக்கு வந்த பிறகு அந்த வாதம் பலவீனமாகத் தெரிந்தது. நான் சொல்லிக்கொடுக்கும் விதிகளில் பெரும்பாலானவை மனிதர் கெட்டவர் என்று எண்ணிப் போட்டவை அல்ல. மறந்துவிடுவார்கள், அவசரப்படுவார்கள் என்று போட்டவை.

சிவகாசி ஆஸ்பத்திரியில் அடிபட்டவளைப் பார்க்கப் போனேன். கைகளில் கட்டு, நாத்தனார்தான் ஊட்டிக்கொண்டிருந்தாள்.

“அவ நின்னாளா, நிக்கலையான்னு எனக்கு என்ன தெரியும் மேடம்? கண்ணெல்லாம் புகை. இழுத்தா. வலிச்சுச்சு. திட்டுனேன்.”

“உனக்கு வாய்தான் குறைச்சலு. சும்மா தின்னு மதினி” என்றாள் நாத்தனார்.

நின்றவளிடமும் கேட்டேன். என்னைவிடச் சில வயது மூத்தவள். எதையும் மறைக்கவில்லை.

“நின்னேன். ஏன் நின்னேன்னு கேட்டா தெரியலை. ராத்திரி படுத்தா அதேதான் ஓடுது. நான் அம்புட்டு மோசமானவளான்னு இருக்கு.”

“சத்தியம் பண்ணிட்டா பிரச்சினை முடிஞ்சிரும்ல அக்கா?”

“தெரியாததுக்கு எப்படி மேடம் சத்தியம் பண்ண?”

விபத்தைப் பற்றிய ஆய்வு முடிந்து மருந்து அறைகளில் வேலை மறுபடி தொடங்கியதும் நாத்தனார் என்னிடம் வந்தாள். அவள் நிற்காமல் போயிருந்தால் தன் மதினி கையில் ஒரு கொப்புளம்கூட வந்திருக்காது என்றாள். சரி, ஓடித்தான் பார்ப்போமே என்றேன். காலி அறை ஒன்றில் மணல் மூட்டையைப் போட்டு, பெண்களை ஒவ்வொருவராக ஓடிப்போய் அதை வெளியே இழுத்து வரச் சொன்னேன்.

முதல் பெண் ஓடி வந்தாள். வாசலில் நின்றாள். சுவரில் பதித்திருந்த செப்புத் தகட்டில் உள்ளங்கையை வைத்தாள். பிறகு உள்ளே போனாள். அடுத்தவளும் அப்படியே. அதற்கடுத்தவள் தகட்டைத் தொட்ட கையைக் கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள்.

உடம்பில் சேரும் மின்சாரம் பொறியாகிவிடாமல் தரைக்குள் இறங்க, மருந்து அறைக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் அந்தத் தகட்டைத் தொட வேண்டும். வருடக்கணக்காகத் தொட்டுத் தொட்டு அது அவர்களுக்குச் செருப்பைக் கழற்றுவதுபோல் ஆகிவிட்டது. ஏற்கெனவே எரிகிற அறைக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை.

கடைசியில் நாத்தனார் ஓடினாள். அவள் கையும் தகட்டுக்குப் போனது.

“ஏளா, நீயும்ல நின்ன” என்று ஒருத்தி கத்தினாள்.

“நான் எங்க நின்னேன்? தொட்டுட்டுத்தான போனேன்” என்றாள் நாத்தனார். சொன்ன பிறகுதான் சொன்னது அவளுக்கே கேட்டதுபோல் மூட்டையை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. ஐந்தாவதற்குக் காரணம் கிடைத்துவிட்டது. அது நல்ல குணமும் இல்லை, கெட்ட குணமும் இல்லை, வெறும் பழக்கம். அப்போது, அன்று வாசலில் நின்றவள் ஓரத்திலிருந்து என் பக்கத்தில் வந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி பேசினாள்.

“நானும் தகட்டைத் தொட்டிருப்பேன் மேடம். ஆனா கை அங்கன இருந்தப்ப வீட்டுல பிள்ளைக நெனப்பு வந்துச்சு. போக வேண்டாம்னு இருந்துச்சு. அப்புறம் உள்ள அவ கத்துனா, போயிட்டேன்.”

இதை மற்றவர்களிடம் நான் சொல்லவில்லை. அவளைக் காப்பாற்றத்தான் மறைத்தேன் என்று சொல்ல முடியாது. எப்படிச் சொன்னாலும் பாதிதான் அவர்கள் காதில் விழும் என்று தோன்றியது. போக வேண்டாம் என்று நினைத்ததும் அவள்தான், போனதும் அவள்தான். இதில் எது அவளுடைய உண்மையான குணம் என்று பிரித்துச் சொல்லும் வழி என் படிப்பில் இல்லை. விடுதியில் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடிய எங்களில் யாருக்கும் இவளை எந்தப் பக்கம் உட்கார வைப்பது என்று தெரிந்திருக்காது.

இப்போது நிலைமை இது. அடிபட்டவள் வேலைக்குத் திரும்பிவிட்டாள். இடது கைச் சுண்டுவிரல் முழுதாக மடங்குவதில்லை. இருவரும் அதே அறையில், பழைய இடங்களிலேயே உட்காருகிறார்கள். நாத்தனார் இன்னும் வாசலில் நின்றவளோடு பேசுவதில்லை. சத்தியம் கேட்பதை மட்டும் நிறுத்திவிட்டாள். நின்றவளும் சத்தியம் பண்ண இருக்கன்குடிக்குப் போகவில்லை.