தனியாகப் படுக்க வையுங்கள்

1. போன்

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தோட்டத்து டிஸ்பென்சரியிலிருந்து போன் வந்தது. மருந்து கொடுப்பவர் பேசினார்.

“சார், அந்த சுகந்தி ஒன்பது நாளா மாத்திரைக்கு வரல. ஆள் அனுப்பிப் பாத்தேன். வரமாட்டேன்னு சொல்லிருச்சாம்.”

நான் அப்போது இலங்கை மலையகத்தில், நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்குப் பொறுப்பான பொது சுகாதாரப் பரிசோதகர். சனங்களுக்கு ‘பீஎச்ஐ’. சுகந்தி கொழுந்து பறிக்கிறவள், இருபத்தெட்டு வயது. சளிப் பரிசோதனையில் டீபி என்று வந்து மாத்திரை தொடங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஆறு மாதம், ஒரு நாளும் விடாமல், ஒருவர் பார்த்திருக்க அந்த மாத்திரையை விழுங்க வேண்டும். இடையில் விட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். பிறகு ஆளைக் காப்பாற்றுவது கஷ்டம்.

ஒன்பது நாள் என்றதும் எனக்குக் கோபம் வந்தது. பைலில் ‘நோயாளியின் அலட்சியம்’ என்று எழுதிவிட்டுத்தான் மோட்டார் சைக்கிளை எடுத்தேன்.

2. விறகு ஷெட்

சுகந்தி குடும்பத்துடையது, பத்துக் காம்பராக்களை வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தில் கடைசி வீடு. வீடு என்றால் ஒரே காம்பரா, ஒரு அறைதான். முன்னால் இஸ்தோப்பு என்கிற சின்னத் திண்ணை, பின்னால் அடுப்புப் புகை படிந்த குசினி. சுகந்தி, அவள் புருசன் செல்வம், நாலு வயது மகள், மாமியார், செல்வத்தின் தம்பி, தம்பி பெண்சாதி. ஆக ஆறு பேர்.

மாமியார் இஸ்தோப்பில் நின்றார்.

“சுகந்தி எங்கம்மா?”

“பின்னால இருக்குங்க.”

பின்னால் என்றால் குசினி என்று நினைத்தேன். குசினிக்கும் அப்பால், கழிவுத் தண்ணீர் ஓடுகிற கானுக்கு அந்தப் பக்கம், விறகு அடுக்குகிற தகர ஷெட். வாசலுக்கு உரச் சாக்கு தொங்கியது. சாக்கைத் தூக்கினேன். விறகைத் தள்ளி வைத்துவிட்டு ஒரு பலகை போட்டிருந்தார்கள். அதன்மேல் சுகந்தி சுருண்டு கிடந்தாள். மூன்று நாளாக மழை. பலகையின் கால்மாட்டுப் பக்கம் முழுக்க ஈரம்.

நான் திரும்பிச் சத்தம் போட்டேன். “யாரு இந்தப் புள்ளய இங்க போட்டது? நீங்கெல்லாம் மனுசங்களா?”

செல்வம் குசினி வாசலில் நின்றான். அமைதியான பையன். குரலை உயர்த்தவே இல்லை.

“நீங்கதாங்க சார் சொன்னீங்க. தனியா படுக்க வைக்கச் சொல்லி. எங்கள்ட்ட வேற ரூம் எங்க சார் இருக்கு?”

அது உண்மை. ஒரு மாதத்துக்கு முன் நான் வந்திருந்தேன். மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு இஸ்தோப்புப் படியில் நின்று, படிவத்தை நிரப்பி, சொல்ல வேண்டியதைச் சொன்னேன். வாயை மூடி இருமணும், மாத்திரையை விடக்கூடாது, ஆளைத் தனி அறையில் படுக்க வைக்கணும். அன்றைக்கு இன்னும் நாலு வீடு போக வேண்டியிருந்தது. நானும் லயத்தில் பிறந்தவன்தான். எங்கள் காம்பராவில் ஏழு பேர் படுத்தோம். அப்படியிருந்தும் ‘தனி அறை’ என்று என் வாயில் எப்படி வந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

“மாத்திரைக்கு ஏன் போகல?” என்று சுகந்தியிடம் கேட்டேன். குரலைத் தணித்துத்தான் கேட்டேன்.

“போனேன் சார், மூணு கிழமை, இருபத்தொரு நாளு. நான் போனா பெஞ்சில இருக்கிறவங்கெல்லாம் எந்திரிச்சு வெளிய போயிர்றாங்க. அது பரவால்ல. எம்மக குசினி வாசல்ல நின்னுக்கிட்டு, ‘அம்மா, நீ என்னா தப்பு செஞ்ச?’ங்குது. அதுக்கப்புறம் எதுக்கு அந்த மாத்திரன்னு இருந்துச்சு.”

அவள் போர்த்தியிருந்தது நல்ல கம்பளி. அந்த வீட்டில் இருந்த ஒரே கம்பளி அது, மாமியாருடையது. அவர் சாக்கைப் போர்த்திக்கொண்டுதான் படுத்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. வேளாவேளைக்குச் சுடுசோறு கொண்டுவந்து கொடுத்ததும் அவர்தான். அவர்கள் யாரும் அவளை விரட்டவில்லை. நான் சொன்னதை அவர்களால் முடிந்த மாதிரி செய்திருந்தார்கள்.

“அம்மா, நான் சொன்னது பிழை” என்றேன்.

மாமியார் என்னையே பார்த்தார். “பிழையா? அப்ப இந்தப் புள்ள இத்தன நாளு நனஞ்சது?”

மறுநாளே அவளைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவரும்படி செல்வத்திடம் சொன்னேன். ஆபீசுக்குப் போனதும் பைலில் எழுதியதை வெட்டிவிட்டு, ‘எனது அறிவுறுத்தலில் தவறு’ என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

3. ஜன்னல்

மறுநாள் செல்வம் ஆட்டோ பிடித்து அவளைப் பதுளைக்குக் கூட்டிவந்தான். நெஞ்சு நோய் டொக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, மாத்திரையைத் திரும்பத் தொடங்கலாம், விட்ட நாட்களைக் கடைசியில் கூட்டிக்கொள்ளலாம் என்றார். முதல் மூன்று கிழமை ஒழுங்காக எடுத்ததால் தொற்றும் குறைந்திருந்தது. “காற்றோட்டம் இருந்தால் வீட்டுக்குள்ளேயே இருக்கலாம்” என்றார்.

அந்தக் காம்பராவுக்கு ஒரே ஜன்னல். அதையும் குளிருக்குப் பயந்து எப்போதோ தகரம் வைத்து ஆணி அடித்திருந்தார்கள்.

சுகந்தியை உள்ளே கொண்டுபோகப் போகிறோம் என்றதும் பக்கத்துக் காம்பரா பார்வதி வந்து வாசலை மறித்தாள்.

“சார், நடுச்செவுரு கூரை வரைக்கும் இல்ல. இங்கிட்டு இருமுனா அங்கிட்டு கேக்குது. எனக்கும் ரெண்டு புள்ள இருக்கு.”

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பயப்படாதே என்று சொல்லிவிட்டுப் போக இந்த முறை எனக்கு மனம் வரவில்லை. அவள் வீட்டாட்கள் எல்லோரையும் சோதிக்க அங்கேயே பெயர் எழுதினேன். பிறகு செல்வம் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியின் முதுகை விட்டு நெம்பி அந்தத் தகரத்தைக் கழற்றினான். பார்வதி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் தன் புருசனைக் கூப்பிட்டு, “நம்ம ஜன்னலயும் கழட்டு” என்றாள்.

ஜன்னலுக்குக் கீழே பலகையைப் போட்டோம். தம்பியும் பெண்சாதியும் இஸ்தோப்புக்கு மாறினார்கள். மறைப்புக்குத் தார்ப்பாய்ப் படங்குத் துண்டு கட்டிக்கொண்டார்கள். “மாத்திரய எங்கிட்ட குடுத்து வைங்க. பக்கத்துல நின்னு நானே முழுங்க வைக்கிறேன்” என்றார் மாமியார். டிஸ்பென்சரியில் பேசி அப்படியே ஒழுங்கு செய்தேன். சோதித்ததில் பார்வதி வீட்டிலும் சுகந்தி வீட்டிலும் வேறு யாருக்கும் நோய் இல்லை. கூடவே இருந்த சின்னப்பிள்ளை என்பதால் சுகந்தியின் மகளுக்கு மட்டும் தடுப்பு மாத்திரை தொடங்கினோம்.

4. கடைசி மாத்திரை

ஆறு மாதமும், விட்டுப்போன நாட்களும் முடிந்தன. கடைசிச் சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை. சொல்லப் போனபோது சுகந்தி வேலைக்குத் திரும்பியிருந்தாள். மலையில் நின்று கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவள் பாதைக்கு இறங்கி வந்தாள்.

“இனி மாத்திரை வேணாம். சுகமாயிருச்சு” என்றேன்.

அவள் சிரித்தாள். பிறகு கூடைக் கயிற்றைத் தலையில் சரிசெய்துகொண்டே, “சார், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?” என்றாள்.

“சொல்லு.”

“அடுத்த வீட்டுக்குப் போனா, உள்ள போயி பாத்துட்டு அப்புறம் சொல்லுங்க.”

அதற்குப் பிறகு பதினொரு வருசம் வேலை செய்தேன். எந்த வீட்டிலும் படியில் நின்று பேசியதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவேன். யார் யார் எங்கே படுக்கிறார்கள் என்று கேட்பேன். சில காம்பராக்களில் என்ன சொல்வதென்றே தெரியாது. அப்போது தரையில் உட்கார்ந்து, “நீங்களே சொல்லுங்க, என்னா செய்யலாம்?” என்பேன்.  அப்புறம் அவர்களில் யாராவது எழுந்து, எதையாவது நகர்த்திப் பார்க்கத் தொடங்குவார்கள்.